கம்கோடரில் அனமோர்பிக் லென்ஸ்: கணினியில் திருத்த முடியாத தவறுகள்

அனமோர்பிக் லென்ஸின் வேலை ஒன்றுதான்: காட்சியின் அகலத்தை மட்டும் நெருக்கிச் சென்சருக்குள் அடக்குவது. உயரத்தை அது தொடாது. பதிவாகும் படத்தில் ஆட்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருப்பார்கள். எடிட்டிங்கில் அதே அளவுக்கு விரித்தால் அகலத்திரைப் படம் வரும். விரிக்கும் கணக்கில் விடுகிற பிழையை எப்போதும் திருத்தலாம். லென்ஸைப் பூட்டும்போதும் போகஸ் பண்ணும்போதும் விடுகிற பிழை பதிவோடு ஒட்டிக்கொள்ளும். திருகோணமலையில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, குறும்படம் என்று கம்கோடரோடு அலைபவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான்.

முதலில் வாங்கும் இடத்தில் நடக்கும் தவறு. பழைய தியேட்டர் புரொஜெக்டர்களில் இருந்த 2 மடங்கு லென்ஸ்கள், அதாவது அகலத்தைப் பாதியாக நெருக்குபவை (கொவா, சங்கோர் போன்றவை), இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் 16:9 கம்கோடரில் அதைப் பூட்டினால் வருவது 3.56:1, அதாவது உயரத்தைப்போல 3.56 மடங்கு அகலமான, ஒரு நாடா மாதிரியான படம். சினிமா அளவான 2.39க்கு வர, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிய வேண்டும். நெருக்கிப் பிடித்ததைப் பிறகு வெட்டி எறிவதற்கு எதற்கு அந்த லென்ஸ்? 1.5 மடங்கு 2.67 தரும். 1.33 மடங்கு அடப்டர் (கமரா லென்ஸுக்கு முன்னால் பூட்டும் அனமோர்பிக் கண்ணாடி) 2.37 தரும், வெட்ட ஒன்றும் இல்லை. சிறிய சென்சர் கம்கோடருக்கு 1.33தான் பொருத்தம் என்பது எங்கள் முடிவு. 2 மடங்கைத்தான் பாவிப்பேன் என்பவர்கள் எல்சிடி திரையின் இரு பக்கத்திலும் ஆறில் ஒரு பங்கு அகலத்துக்கு ரேப் ஒட்டிவிட்டு, நடுப்பகுதிக்குள் ஆட்களை நிறுத்த வேண்டும்.

பழைய ரேப் கமராக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 1.33 அடப்டர்களில் பல, 4:3 கமராவை 16:9 ஆக்கவே செய்யப்பட்டவை. பனசொனிக் டிவிஎக்ஸ்100க்கு வந்த எல்ஏ7200 அப்படியானது. அதைப் பூட்டிவிட்டு மெனுவில் உள்ள 16:9 முறையையும் போட்டால் படம் இரண்டு தடவை நெருக்கப்படும். 4:3 சென்சர் கமராவில் அந்த மெனு முறை செய்வது பெரும்பாலும் மேலும் கீழும் வெட்டி, 576 வரிகளில் 432ஐ மட்டும் எடுத்து நீட்டுவதுதான். அடப்டர் இருந்தால் மெனுவை 4:3இல் விட்டு, எடிட்டிங்கில் 16:9 என்று குறித்தால் 576 வரிகளும் மிஞ்சும்.

கோணம்

அதிகம் கெடுவது இங்கேதான். அடப்டரைப் பில்டர் மரையில் திருகினால், மரை முடியும் இடத்தில் ஏதோ ஒரு கோணத்தில் அது நிற்கும். சாதாரண லென்ஸுக்கு அது பொருட்டில்லை. அனமோர்பிக்கில் இரண்டு பாகை பிசகினாலே படம் சாய்சதுரமாகத் திரிந்துவிடும். கணினியில் சுழற்றிச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கத்தை நிமிர்த்தினால் மறுபக்கம் சாயும்.

ஆகவே பக்கத்தில் மூன்று சிறு திருகாணிகள் உள்ள கிளாம்ப் வளையம் தேவை. கமராவை ட்ரைபொட்டில் மட்டமாக வையுங்கள். இருட்டறையில் 3 மீற்றர் தூரத்தில் கைபேசி ரோர்ச்சை லென்ஸுக்கு நேராக எரியவிடுங்கள். திரையில் குறுக்கே ஒரு ஒளிக்கீற்று ஓடும். அது திரையின் மேல்விளிம்புக்குச் சமாந்தரமாக வரும்வரை அடப்டரைத் திருப்பி, மூன்று திருகாணிகளையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் முழுதாக இறுக்கினால் அடப்டர் ஒரு பக்கம் சரியும். சரியான இடம் கிடைத்ததும் வளையத்துக்கும் அடப்டருக்கும் குறுக்கே கியூடெக்ஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை நேரம் மிச்சம்.

இனி வெளியே சோதிக்கலாம். உப்புவெளிக் கரையில் அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு மின்கம்பமும் தெரியும்படி எடுங்கள். (தென்னையை நம்ப வேண்டாம், கடற்கரைத் தென்னை எது நேராக நிற்கிறது?) அடிவானமும் கம்பமும் கடிகாரமுள்ளின் ஒரே திசையில் சாய்ந்தால் ட்ரைபொட் பிழை. ஒன்று ஒரு திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும் சாய்ந்தால் அடப்டர் பிழை.

பாரத்தையும் மறக்கக்கூடாது. ஹாண்டிகேம் வகைக் கமராக்களின் மரை பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்ரிக். கனமான கண்ணாடியை அதில் தொங்கவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து, படத்தின் ஒரு விளிம்பு மங்கும். 15 மில்லிமீற்றர் தண்டும் லென்ஸ் தாங்கியும் போட்டால் மரையில் பாரம் ஏறாது.

போகஸ்

சூமின் அகல முனையில் மூலைகள் கறுக்கும். கறுப்பு மறையும்வரை சூம் செய்வது சரிதான். ஆனால் பிரட்ரிக் கோட்டை மான்களைக் கண்டதும் கடைசிவரை சூமை இழுப்பவர்கள் ஏமாறுவார்கள். போகஸ் வளையம் இல்லாத 1.33 அடப்டர் கிடைத்திசையில் மட்டும் ஒளியை வளைப்பதால், நீள முனையில் நிலைக்குத்துக் கோடுகளுக்கு ஓர் இடத்திலும் கிடைக்கோடுகளுக்கு வேறோர் இடத்திலும் போகஸ் விழும். ஓட்டோபோகஸ் இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். யன்னல் கிறில் ஒன்றை எடுத்து, பெரிய ரி.வி.யில் பாருங்கள்: நிற்கும் கம்பி கூர்மையாகவும் கிடக்கும் கம்பி மங்கியும், அல்லது மறுதலையாகவும் இருந்தால் அந்த சூம் அளவு வேண்டாம். பாவிக்கக்கூடிய எல்லை நடுவில் உள்ள பகுதிதான். அதை ஒருமுறை கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணவறையில் தாலி கட்டுவதைக் கிட்ட எடுக்க வேண்டுமென்றால் அடப்டருக்கு முன்னால் டயொப்டர் (கிட்டவுள்ளதைக் கூர்மையாக்கும் மேலதிகக் கண்ணாடி) போடுங்கள். +0.5 போட்டு லென்ஸை முடிவிலியில் வைத்தால் 2 மீற்றரில் கூர்மை. +1 என்றால் 1 மீற்றரில். அதற்கு அப்பால் உள்ளவை மங்கும் என்பதால், சடங்கு முடிந்ததும் கழற்ற மறந்தால் மண்டபம் முழுவதும் போய்விடும்.

சில கமராக்களில் லென்ஸுக்கு வெளியே ஒரு தூர உணரி இருக்கும்; கெனன் எச்வி20இன் உடனடி ஓட்டோபோகஸ் அப்படித்தான். அடப்டர் அதை மறைத்துவிடும். மெனுவில் சாதாரண முறைக்கு மாற்றுங்கள், அல்லது கையால் போகஸ் பண்ணுங்கள். புரொஜெக்டர் லென்ஸில் கமரா, லென்ஸ் இரண்டையும் தனித்தனியே போகஸ் பண்ண வேண்டும். நடந்து வரும் ஆளைத் தொடர்வது ஏறக்குறைய நடக்காத காரியம். அந்த லென்ஸைக் கிட்டப் போகஸ் பண்ணினால் நெருக்கும் அளவு குறைவதால், விரித்த பிறகு கூகைக்கட்டு வந்ததுபோல முகம் உப்பும்.

வெயில், உப்பு

நிலாவெளி மணலில் நண்பகல் வெயிலுக்கு ஓட்டோ ஐரிஸ் (லென்ஸின் துவாரத்தைத் தானே திறந்து மூடும் பொறி) எஃப் 11 வரை மூடிக்கொள்ளும்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும். சிறிய சென்சரில் அது படத்தை மழுக்கும். அதைவிட மோசம், அகல முனையில் கண்ணாடியில் படிந்த ஒவ்வொரு உப்புப் புள்ளியும் படத்தில் தெரியும். முழுதாகத் திறந்தால் விளிம்பு மங்கும். எஃப் 4ஐச் சுற்றி நில்லுங்கள். ஒளியைக் குறைக்க என்டி 8 பில்டர் போடுங்கள், அது 3 ஸ்ரொப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். ஷட்டரைக் கூட்டி ஒளியைக் குறைத்தால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 பிரேம், 1/50 ஷட்டர்.

உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் பூச்சு கீறுப்படும். ஊதி அகற்றிவிட்டு, லென்ஸ் திரவம் தோய்த்த தாளால் ஒற்றி எடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் அடப்டருக்கும் கமரா லென்ஸுக்கும் இடையில் ஆவி படியும். கழற்றாமல் அதைத் துடைக்க வழியில்லை, கழற்றினால் கோணம் போய்விடும். கமராவைப் பையில் மூடியபடியே அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

விரிப்பது

1920×1080 பதிவை 1.33 அடப்டரில் எடுத்திருந்தால் அகலத்தை நீட்டாமல் உயரத்தை 75 சதவீதமாக்குங்கள்: 1920×810. எச்டிவி (ரேப்பில் எச்டி பதியும் பழைய வகை) கமராவில் மட்டும் கவனம்: அதன் 1440×1080 பதிவின் பிக்சலே 1.33 அகலமானது. அடப்டரும் சேர்ந்தால் பிக்சல் விகிதம் 1.78. இதை மறந்து 1.33 என்று குறித்தால் மாப்பிள்ளை மெலிந்தே இருப்பார்.

யூடியூபுக்கு 1920×810 ஆகவே ஏற்றுங்கள். கறுப்புப் பட்டை சேர்க்கத் தேவையில்லை. பென்டிரைவில் ரி.வி.க்குக் கொடுப்பதென்றால் 1920×1080க்குள் மேலும் கீழும் 135 பிக்சல் பட்டையோடு கொடுங்கள். சில ரி.வி.கள் 810 உயரப் படத்தைத் திரை நிறைய இழுத்து, எல்லாரையும் மறுபடி நெட்டையாக்கிவிடும்.