ஜூஸ் டீடாக்ஸ்: முந்தின நாளும் மறுநாளும் நடக்கும் தவறுகள்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த வாரத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் ‘டீடாக்ஸ்’ தொடங்கியது. மூன்று நாள் சோறு கிடையாது; பழ ஜூஸ், இளநீர், காய்கறி சூப் மட்டும். என் அக்கா மூன்று நாளையும் நன்றாகவே தாண்டினார். நான்காம் நாள் விடிந்ததும் மாமாக் கடைக்குப் போய் இரண்டு ரொட்டி சானாய், கறிக்குழம்பு, ஒரு தே தாரிக் என்று முடித்தார். பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் மாலை வரை எழவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்புக் கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். ஜூஸ் குடித்தால் அந்த வேலை கூடுதலாக நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூன்று நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் எனும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்; அது கரையும்போது நீரும் போகும், சோறு உள்ளே போனதும் திரும்பி வரும். இதெல்லாம் தெரிந்தும் இருந்து பார்க்கிறேன் என்றால் சரி, ஆரோக்கியமான ஆளுக்கு இரண்டு மூன்று நாள் பெரிய கேடில்லை.

ஆனால் நீரிழிவுக்காரர்கள் இதில் இறங்கவே கூடாது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். வெறும் பழ ஜூஸாகக் குடித்தால் மறுபக்கம் எகிறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியம் ஆகாது. பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம் போல, ஒரே பழம்கூட வலிப்பில் கொண்டுபோய் விடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

தொடங்குவதற்கு முந்தின நாள் நடக்கும் தவறு ஒன்றுதான்: “நாளையிலிருந்து ஒன்றும் இல்லையே” என்று வாழையிலைச் சாப்பாடு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பொரித்த கோழி என்று அள்ளிப் போடுவது. உப்பும் எண்ணெயும் ஏறிய வயிற்றோடு ஜூஸுக்குப் போனால் முதல் நாளே பசி பிய்த்தெடுக்கும், தலை கிறுகிறுக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே கருவாட்டையும் எண்ணெயில் பொரித்ததையும் விட்டு இட்லி, பாசிப்பயறு, வேகவைத்த பூசணி, அவித்த மீன் என்று இறங்கி வாருங்கள்.

கோப்பியை மறந்துவிடாதீர்கள். தினமும் நான்கு கோப்பை கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால், கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி பிடிக்கும். அதை நச்சு வெளியேறுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோப்பி கேட்கிற தலைவலி அது. முன்கூட்டியே நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்தால் பெரும்பாலும் வராது.

செம்பனைக் குலை வெட்டப் போகிற நாளில் இதைச் செய்யாதீர்கள். வெயிலில் வியர்வையோடு உப்பு போகும்போது வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பதும் ஆபத்து. லீவு நாளாகப் பாருங்கள், மோரிலோ சூப்பிலோ உப்புப் போடுங்கள்.

இனி மறுநாள். அக்காள் விழுந்த இடம் இதுதான். நம் பெரியவர்கள் ஏகாதசி இருந்தால் விரதத்தை முடிப்பதற்கென்றே துவாதசிப் பாரணை வைத்திருந்தார்கள். நெல்லிக்காயும் அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் அந்த இலைக்கென்றே வரும். முடிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நாம்தான் மறந்துபோனோம்.

முதல் வேளைக்கு எங்கள் அம்மா வைப்பது கஞ்சி. ஒரு கைப்பிடி பச்சரிசி, கால் கைப்பிடி பாசிப்பருப்பு, எட்டு மடங்கு தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் உப்பு. குழைய வெந்ததும் அரைக் கிண்ணம் மட்டும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பொறுங்கள். அப்புறம் பழுத்த பப்பாளி, வாழைப்பழம், இட்லி. உலாம் எனும் பச்சை இலை காய்களையும் காரமான சம்பாலையும் சத்தாயிற்றே என்று அன்றே தொடாதீர்கள், நார்ச்சத்தும் காரமும் வயிற்றைப் பிடுங்கும். இரண்டாம் நாள் குழைந்த சோறு, ரசம், அவித்த முட்டை. மூன்றாம் நாள் மீனும் கீரையும். ரொட்டி சானாய் அதற்கப்புறம் இருக்கட்டும்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்ட கைதிகளில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு நோயுற்றார்கள், இறந்தும் போனார்கள். பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென்று ஏறும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது, இதயம் தடுமாறுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் ஊட்டக்கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல், அதுவும் மருத்துவர் பார்வையில். சாப்பிடத் தொடங்கியபின் நெஞ்சு படபடத்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.