தராசுப் பெட்டியில் எஸ்.டி. கார்ட் தடுமாறினால்: கரண்ட் பேரத்தைச் சோதிக்கும் முறை

கொழுந்து மடுவத்துத் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசை லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகையில் கட்டி, எடைகளை எஸ்.டி. கார்டில் பதியும்போது அடிக்கடி வரும் கோளாறு இது. வாசிப்பு சரியாக நடக்கும், எழுதும்போது மட்டும் கர்னல் பதிவில் -110 (நேரம் கடந்தது) அல்லது -84 (சி.ஆர்.சி. பிழை, அதாவது தரவுச் சரிபார்ப்பு பொருந்தவில்லை) விழும், அல்லது எழுதும் வேகம் படுத்துவிடும். கார்டை மாற்றுவதற்கு முன் கரண்ட் பேரத்தை, அதாவது கார்ட் எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று டிரைவரும் கார்டும் ஒத்துக்கொள்வதை, பாருங்கள்.

முதலில் கர்னலின் டீபக் கோப்பகத்தில் (debugfs) அந்த ஹோஸ்டின் (கார்டை இயக்கும் கட்டுப்படுத்தி) 'ஐ.ஓ.எஸ்.' (ios) கோப்பைத் திறவுங்கள். வி.டி.டி. (கார்டுக்கான சப்ளை) 21 (3.3 ~ 3.4 வோல்ட்), சிக்னல் வோல்டேஜ் (தரவுக் கம்பிகளுக்கானது) 1 (1.80 வோல்ட்) என இரண்டு வரிகள் தனித்தனியே வரும். பலர் குழம்புவது இங்கேதான். சிக்னல் 1.8க்கு இறங்கினாலும் கார்டுக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான். டிரைவர் கரண்ட் வரம்பை எடுப்பதும் 3.3க்கான எண்ணிலிருந்து.

அந்த எண் எஸ்.டி.எச்.சி.ஐ. (SDHCI, பொதுத்தர எஸ்.டி. கட்டுப்படுத்தி) ஹோஸ்டில் ஹெக்ஸ் 48 ரெஜிஸ்டரில் இருக்கிறது. அடி 8 பிட்டுகள் 3.3 வோல்டுக்கு, ஒரு படி 4 மில்லியம்பியர். 100 இருந்தால் 400. ரெஜிஸ்டர் முழுக்கச் சுழியமாக இருந்தால் டிரைவர், கார்டுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரிடம் கேட்கும். டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளை கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) அது 'ஃபிக்ஸ்ட்' வகை என்றால் சொல்ல அதனிடம் வரம்பு இல்லை. பேரமே நடக்காமல் கார்ட் தொடக்க நிலையான 200 மில்லியம்பியரிலேயே நின்றுவிடும். பிழை எதுவும் பதிவாகாது, எழுதுவது மட்டும் மெதுவாகும். கார்ட் தரப்பில் சி.எம்.டி. 6இன் (CMD6, கார்டின் இயக்க நிலையை மாற்றும் கட்டளை) நான்காம் குழுவில் 0, 1, 2, 3 என்பவை முறையே 200, 400, 600, 800 மில்லியம்பியர். இது எஸ்.டி.ஆர். 50, எஸ்.டி.ஆர். 104, டி.டி.ஆர். 50 என்ற அதிவேக நிலைகளில் மட்டுமே அமைக்கப்படும்.

ரெகுலேட்டர் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அளக்காமல் டிரைவரில் எண்ணை உயர்த்தாதீர்கள். அப்படிச் செய்தால் மெதுவான கார்ட், தரவைக் கெடுக்கும் கார்டாகிவிடும். அளக்க, சப்ளை வழியில் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதன் இரு முனைகளிடையே 400 மில்லியம்பியருக்கு 40 மில்லிவோல்ட் காட்டும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், நொடிப்பொழுது உச்சத்தைப் பார்க்க ஒசிலோஸ்கோப் வேண்டும். கார்டின் பின்களிலேயே வோல்டேஜையும் பாருங்கள்: எழுதும் நொடியில் 2.7 வோல்டுக்குக் கீழே விழுந்தால் குற்றவாளி மின்சாரம். விழாமல் -84 மட்டும் வந்தால் கடிகார வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிச் சிக்னல் பக்கம் தேடுங்கள்.

நுவரெலியா, தலவாக்கலைப் பனிமூட்டத்தில் சாக்கெட் முனைகள் பாசி பிடித்தாற்போல் கறுக்கும். தொடுகையில் 0.5 ஓம் கூடினாலே 400 மில்லியம்பியரில் 0.2 வோல்ட் போய்விடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மீண்டும் அளவிடுங்கள்.

சாக்கெட்டருகே 22 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் போட்டால் சரிவு குறையும். ஆனால் மீளத் தொடங்கும்போது 1.8 சிக்னலில் நிற்கும் கார்டை விடுவிக்க, சப்ளை 0.5 வோல்டுக்குக் கீழே இறங்கிக் குறைந்தது 1 மில்லிவிநாடி இருக்கவேண்டும். கெப்பாசிட்டர் பெரிதானால் இறங்கும் நேரமும் நீளும். ரெகுலேட்டரில் டிஸ்சார்ஜ் வசதி (அணைத்ததும் மிச்ச மின்னூட்டத்தை வடிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது அணைத்து ஏற்றும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

எஸ்.டி. கார்டுக்குப் பதில் இ.எம்.எம்.சி. (பலகையிலேயே பற்றவைத்த சேமிப்புச் சில்லு) இருந்தால், அதன் விவரங்களைத் தாங்கும் எக்ஸ்ட்.சி.எஸ்.டி. (EXT_CSD) ரெஜிஸ்டரைப் பாருங்கள். 187ஆம் பைட்டில் இருப்பது தேர்ந்தெடுத்த பவர் கிளாஸ் (கரண்ட் வரம்பு வகுப்பு); எச்.எஸ். 200 (HS200) வேகத்துக்கு அதை 1.95 வோல்ட் வரிசையின் 237ஆம் பைட்டோடு ஒப்பிடுங்கள். அந்த 237ஆம் பைட்டில் 8 பிட் பஸ்ஸுக்கு உரியவை மேல் பாதி 4 பிட்டுகள், 4 பிட் பஸ்ஸுக்கு உரியவை கீழ்ப் பாதி 4 பிட்டுகள். தேர்வு தோற்றால் டிரைவர் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டுத் தொடரும், ஆகவே பதிவின் தொடக்கத்திலேயே அதைத் தேடுங்கள்.