அருவாமணையிலிருந்து கத்திக்கு மாறுகிறவர்களுக்கு: விரல் கவசம் மாட்டி நறுக்கும் முறை

போன மார்கழியில், திருவாதிரைக்கு முதல் நாள் ராத்திரி ஏழுகறிக் கூட்டுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரல் நகத்தோரம் கத்தி இறங்கிவிட்டது. முட்டிவலி வந்து அருவாமணையைப் பரணில் ஏற்றிய பிறகு அது மூன்றாவது வெட்டு. மறுவாரமே கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் விரல் கவசம் வாங்கினேன்: விரலில் மாட்ட ஒரு வளையம், அதோடு சேர்ந்து விரல்களைக் கத்தியிலிருந்து மறைக்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். அன்றிலிருந்து அதோடுதான் நறுக்குகிறேன். கட்டைவிரலைப் பழக்கிக்கொண்டால் நிச்சயம் உதவுகிறது.

எவர்சில்வரே வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் கத்தி உரசி உரசிப் பிசிறு கிளம்பும், காயோடு கலக்கும். தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மழமழவென்று இருக்க வேண்டும். வளையம் வாய் பிளந்ததாக இருந்தால் நெரித்து விரலுக்குத் தக்கபடி இறுக்கிக்கொள்ளலாம். இரட்டை வளையம் வைத்தது சுழலாதுதான், ஆனால் ஆள்காட்டி விரலையும் பிடித்துக்கொள்ளும். வாழைத்தண்டு நார் சுற்ற அந்த விரல் வேண்டும் என்பதால் எனக்கு ஒற்றை வளையமே பிடிக்கும்.

பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கின கத்தியை அழுத்தி அழுத்தி வெட்டுவோம், வழுக்கும்போது அத்தனை அழுத்தமும் விரலில்தான் இறங்கும். பறங்கி, சேனை போன்ற உருண்டைகளை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி கவிழ்த்துங்கள். இந்த முதல் வெட்டுக்குக் கவசம் பயன்படாது, நிதானம்தான் வேண்டும்.

இப்போது வளையத்தை இடதுகை நடுவிரலில் மாட்டுங்கள். தகடு விரல்களுக்கு வெளியே, கத்தியைப் பார்த்து நிற்கட்டும். விரல் நுனிகளை உள்ளே மடக்கிக் காயைப் பிடியுங்கள். தகட்டின் கீழ் விளிம்புக்கும் காய்க்கும் நடுவே இடைவெளி கூடாது. கத்தியின் பக்கவாட்டு தகட்டை ஒட்டியே ஏறி இறங்க வேண்டும், தகட்டு உயரத்தைத் தாண்டித் தூக்கக் கூடாது.

அப்புறம் கட்டைவிரல். எனக்கு வெட்டுப்பட்டதெல்லாம் இங்கேதான். தகடு மறைப்பது ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை மட்டும். அருவாமணையில் கத்தி அசையாது, காயைத்தான் இரண்டு கையாலும் தள்ளுவோம். அந்தப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாக முன்னால் வந்துவிடும். அதை மற்ற விரல்களுக்குப் பின்னால் வைத்து, காயைப் பின்னாலிருந்து தாங்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் இடது கட்டைவிரல் நகத்துக்கு மட்டும் மருதாணி வைத்துக்கொண்டேன். தகட்டோரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் கை உடனே நின்றுவிடும். முள்ளங்கியும் கேரட்டுமாக ஒரு மாதம் இப்படி நறுக்கியதில் விரல் படிந்தது.

காய் ஒரு அங்குலத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைக் கவிழ்த்துப் படுக்கவைத்து நறுக்கலாம், இல்லையென்றால் சாம்பாரில் பெரிய துண்டாகவே போகட்டும். சிப்ஸ் சீவும் பலகைக்கு இந்தக் கவசம் சரிவராது. அதோடு வரும் பிடியைத்தான் பயன்படுத்த வேண்டும். பிடி தொலைந்துவிட்டால் வெட்டுத் தாங்கும் கையுறை வாங்கலாம். அதில் இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். இப்போதைய முறையில் வெட்டைத் தாங்கும் திறனை ஏ முதல் எஃப் வரை குறிக்கிறார்கள், எஃப்தான் உச்சம். ஆனால் கத்தி முனை குத்தினால் அதை நம்ப முடியாது.

பின்சேர்க்கை: வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கும்போது தகடு சுழல்கிறது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். கறை பிடிக்காமலிருக்க நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதுதான் காரணம். முதலில் காய்ந்த விரலில் கவசத்தை மாட்டி இறுக்குங்கள், பிறகு மற்ற விரல்களுக்கு மட்டும் எண்ணெய் தடவுங்கள். வலதுகையில் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கத்திப்பிடி வழுக்கும். தண்டை வில்லையாக வெட்டி, நாரை இடது ஆள்காட்டி விரலில் சுற்றி இழுத்துவிட்டு, வில்லையை மோர்த் தண்ணீரில் போடுங்கள். இதற்கெல்லாம் கவசத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை.