எழுத்தாளராக விரும்பும் குழந்தைக்கு நல்ல வாசகராக இருப்பது எப்படி?

"நான் பெரியவளானதும் எழுத்தாளர் ஆவேன்" என்று ஒரு குழந்தை சொன்னால், வீட்டில் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. எழுதிச் சம்பாதிக்க முடியாது, பாடத்தைப் படி என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர் அன்று மாலையே குழந்தை எழுதிய கவிதையைப் படமெடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். முதலாமவருக்குப் பிள்ளையின் எதிர்காலம் கவலையாகிறது, இரண்டாமவருக்கு அது பெருமையாகிறது. எழுதிய பக்கத்தை மட்டும் இருவரும் படிப்பதில்லை. எழுதும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுபவர், தான் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, படித்தபோது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்லும் ஒருவர். அதற்கு இலக்கியப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டால் போதும்.

குழந்தை ஒரு தாளை நீட்டும்போது கையில் பேனா இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். முடிவுவரை இடையில் பேசாமல் படியுங்கள். படித்ததும் "அருமை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எதற்கும் அருமை என்று சொல்பவர் கதையைப் படித்தாரா என்பதே ஐயம்தான் என்பதைக் குழந்தைகள் விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, கதை உங்களுக்குள் என்ன செய்தது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "ஆமை கிணற்றுக்குள் இறங்கிய இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது", "சாவியை யார் எடுத்தார் என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தேன்", "இரண்டாவது பக்கத்தில் பேசுவது அண்ணனா தம்பியா என்று எனக்குப் புரியவில்லை" என்பன போன்ற வாக்கியங்கள், தன் சொற்கள் இன்னொருவர் மனத்தில் எங்கே வேலை செய்தன, எங்கே செய்யவில்லை என்பதைக் குழந்தைக்குக் காட்டுகின்றன.

புரியாத இடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதும் குழந்தை மளமளவென்று விளக்கம் சொல்லும்: சாவியைப் பூனை எடுத்தது, அந்தப் பூனை உண்மையில் ஓர் இளவரசி, அவளுக்கு ஒரு சாபம் இருக்கிறது. அப்போது, "இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தாளில் இல்லையே" என்று சொன்னால் போதும். தன் தலைக்குள் இருப்பது வாசகரின் தலைக்குள் தானாக வந்து சேராது என்பதை உணர்வதுதான் எழுத்துக் கலையில் மிகக் கடினமான பாடம். வளர்ந்த எழுத்தாளர்களே அதில் அடிக்கடி தவறுகிறார்கள். அந்த விளக்கத்தைக் கதைக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். சேர்க்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஒரு கதைக்கு ஒரு கேள்வி என்ற அளவைத் தாண்டினால் அது விசாரணையாகிவிடும்.

பிழைதிருத்தம் பலருக்கும் கை அரிக்கும் இடம். லகர ளகர ழகரங்களும் ஒற்று மிகும் இடங்களும் கண்ணில் உறுத்தத்தான் செய்யும். ஆனாலும், முதல் வரைவில் சிவப்பு மையைப் பார்க்கும் குழந்தை, அடுத்த முறை தனக்கு உறுதியாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே பயன்படுத்தத் தொடங்கும். 'ஆழ்கடல்' என்று எழுத நினைத்த இடத்தில் 'கடல்' என்று எழுதிவிட்டுப் போகும். ஆங்கிலத்தில் டெய்சி ஆஷ்ஃபோர்டு தம் ஒன்பதாவது வயதில் எழுதிய குறுநாவல் பல ஆண்டுகளுக்குப் பின் 1919-இல் நூலாக வெளிவந்தபோது, அதன் எழுத்துப்பிழைகளைப் பதிப்பாளர் அப்படியே விட்டுவைத்தார்; நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. பிழைகளைத் திருத்தவே கூடாது என்பதல்ல இதன் பொருள். கதை முடிந்து, அதைப் பிறர் படிக்க வேண்டும் என்று குழந்தையே விரும்பும் நிலையில் திருத்தத்துக்கு ஒரு காரணம் பிறக்கிறது. அப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

எழுதப் பழகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் கற்பனை ஓடும் வேகத்துக்குக் கை ஓடுவதில்லை. எழுத்தின் வடிவத்தை நினைவுகூர்வதிலேயே கவனம் முழுவதும் செலவாவதால், வாய்மொழியாக அரைமணி நேரம் நீளும் கதை தாளில் நான்கு வரியாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வயதில் குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுக்கலாம், அல்லது ஒலிப்பதிவு செய்து பிறகு எழுதலாம். சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுவது மட்டுமே இதில் நிபந்தனை. நீங்கள் அழகுபடுத்திய வாக்கியத்தைத் திரும்ப வாசித்துக் காட்டும்போது, அது தன்னுடையது அல்ல என்பது குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று பரிசோ காசோ தருவதாகச் சொல்வது விரைவான வழியாகத் தோன்றும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவில் வைக்கத்தக்கது. ஏற்கெனவே விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே வழங்கினார்கள். பின்னர் பரிசு எதுவும் இல்லாத சூழலில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைதலில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. எழுத்தில் தானாகவே ஆர்வம் கொண்ட பிள்ளைக்குக் கூலி பேசாதீர்கள். நல்ல குறிப்பேட்டை ஒரு நாள் காரணமின்றி வாங்கிக் கொடுங்கள்.

வாசிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. படக்கதையோ, வயதுக்குக் குறைந்த புத்தகமோ, ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதோ தடுக்கப்பட வேண்டியவை அல்ல. தானாகப் படிக்கத் தெரிந்த பிறகும் பெரியவர்கள் உரக்க வாசித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. பிடித்த கதையைப் போலவே குழந்தை எழுதுவது சற்று விரிவாகப் பேச வேண்டிய செய்தி. பெயர்களை மட்டும் மாற்றி அதே கதையை எழுதினாலும் அதைத் திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தின் பிரான்டே குடும்பத்தில் 1826-இல் தந்தை மகனுக்கு வாங்கி வந்த பொம்மைச் சிப்பாய்களைச் சுற்றி உடன்பிறந்தோர் நால்வரும் கற்பனை நாடுகளை உருவாக்கினார்கள். தங்கள் வீட்டில் படித்த ஓர் இதழைப் பார்த்து, அதே அமைப்பில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றிதழ்களைக் கையால் எழுதித் தைத்தார்கள். பிற்காலத்தில் ஆங்கில நாவலுக்குப் பெயர் வாங்கித்தந்த மூன்று சகோதரிகள் இப்படிப் போலச்செய்தே கதை கட்டும் முறையைப் பழகினார்கள். பிறர் எழுத்தைத் தன்னுடையது என்று போட்டிக்கு அனுப்புவது வேறு. அந்த வேறுபாட்டைப் பத்து வயதுக் குழந்தைக்கு எளிதில் விளக்கிவிடலாம். கணினியிடம் கேட்டு முழுக் கதையையும் எழுதி வாங்குவதையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டைக் கேட்காமல் திறக்காதீர்கள். பெற்றோர் படிப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அதில் பெற்றோருக்கான எழுத்து மட்டுமே இருக்கும். குழந்தை தானாகக் காட்டும் கதையில் அரக்கர்களும் கொலைகளும் நிறைந்திருந்தால் பதற வேண்டாம். அச்சத்தைக் கதையாக்கிப் பார்ப்பது இயல்பு. ஆனால், தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பற்றியோ, யாரோ ஒருவரிடம் தனக்குள்ள பயம் பற்றியோ எழுத்தில் குறிப்புத் தென்பட்டால், அதைக் கதை என்று கடந்துவிடாமல் அமைதியாக நேரடியாகக் கேட்க வேண்டும். தேவையானால் மனநல நிபுணரின் உதவியை நாட வேண்டும். அந்த இடத்தில் குழந்தையின் பாதுகாப்பு அந்தரங்கத்துக்கு முன்னால் வருகிறது.

பாதியில் நின்ற கதைகள் குவிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பன்னிரண்டு பாகங்கள் கொண்ட காவியத்தை மூன்றாம் பக்கத்தில் கைவிட்ட பிள்ளையிடம், அதே நாயகனுக்கு ஒரே ஒரு நாளில் நடந்ததை மட்டும் எழுதிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு கதையை முடித்துப் பார்த்த அனுபவம், பத்துக் கதைகளைத் தொடங்கிய அனுபவத்தைவிட அதிகம் கற்றுத்தரும்.

வெளியிடும் ஆசை வரும்போது அது யாருடைய ஆசை என்று முதலில் பாருங்கள். குழந்தையின் விருப்பம்தான் என்றால், சிறுவர் இதழ்களும் பள்ளி மலர்களும் நல்ல தொடக்கம். இணையத்தில் இடுவதானால் முழுப்பெயர், பள்ளி, முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். போட்டிகளுக்கு அனுப்பும் முன் விதிமுறைகளை நீங்களே படித்து, படைப்பின் உரிமை முழுவதும் அமைப்பாளருக்குச் சென்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்துள்ள நாடுகளில், பதிவு செய்யாமலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு; எழுதியவர் குழந்தை என்பதால் அது குறைந்துவிடாது. அனுப்பியவர் எல்லோருடைய கவிதையையும் "தேர்ந்தெடுத்து", தொகுப்பு நூலின் பிரதிகளைப் பெற்றோரையே காசு கொடுத்து வாங்கச் சொல்பவர்களிடம் விலகியே இருப்பது நல்லது. திரும்பி வந்த படைப்பைப் பற்றி இதழாசிரியரைக் குறைசொல்லி ஆறுதல் தேடாமல், அடுத்து எங்கே அனுப்பலாம் என்று பேசுங்கள்.

பிழைப்பைப் பற்றிய கேள்வி பதின்பருவத்தில் எப்படியும் எழும். எழுத்து வருமானம் பெரும்பாலோருக்கு நிலையற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களான காஃப்கா காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிந்தார், செகாவ் மருத்துவராக இருந்தார் என்பதையும் கூடவே சொல்லுங்கள். இதே வயதில் பிள்ளை தன் எழுத்தை உங்களிடம் காட்டுவதை நிறுத்திவிட்டு, எழுத்தில் ஆர்வமுள்ள நண்பர்களையோ ஆசிரியரையோ நூலக வாசகர் வட்டத்தையோ தேடிப் போகலாம். கூட்டம் முடிந்து திரும்ப வண்டி வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். அங்கே என்ன வாசித்தாய் என்று துருவ வேண்டாம்.