விடுதலைத் தாளில் நாங்கள் விளக்காமல் விடும் வரி

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பொலிஸ் நிலையத்தில் இருந்து விடுதலையாகி வந்தவருக்கு அவருடைய தாளை விளக்கிக்கொண்டிருந்தார். நீதிமன்றத் தேதி, கைவிரல் அடையாளத் தேதி, வக்காலத்துக்கு ஒரு கையெழுத்து. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒன்ராறியோவில் குற்றவியல் சட்டத்தரணியாக வேலை தொடங்கிய முதல் வருடம் நானும் இதே நாலு நிமிட விளக்கத்தைத்தான் கொடுத்தேன். அதனால் ஒரு மனிதர் நாலு இரவு சிறையில் கிடந்தார். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளும், மொழிபெயர்க்கக் கூடப் போகும் உறவினர்களும் அதே இடத்தில் வழுக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடாதீர்கள், பொலிசைத் தள்ளாதீர்கள், பொய் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன். கைதானவரும் குடும்பமும் வழுக்கும் மற்ற இடங்களை, பெரியதில் தொடங்கிச் சொல்கிறேன்.

"அவாதானே வரச் சொன்னவா"

கனடாவில் கைதான எல்லோரும் நீதிபதி முன் போவதில்லை. குற்றவியல் சட்டக்கோவையின் 498ஆம் பிரிவின்படி, பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் பொலிசாரே ஆளை விட்டுவிட வேண்டும். தடுத்து வைக்கக் காரணம் இருந்தால்தான் வைக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிபந்தனையோடு விடும்போது கையெழுத்து வாங்கும் தாள் ‘அண்டர்டேக்கிங்’, அதாவது உறுதிமொழிப் பத்திரம். படிவம் 10. நிபந்தனைகள் ஏற்கனவே அச்சாகி இருக்கும், பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். அதிகாரி வேண்டியதில் குறி போடுவார். குடும்பத் தகராறு என்றால் அநேகமாக இரண்டு கட்டங்களில் குறி விழும்: இன்னாரோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது, இன்ன இடத்துக்குப் போகக் கூடாது. அந்த ‘இன்ன இடம்’ பல வேளைகளில் அவர் குடியிருந்த சொந்த வீடு.

அந்த மனிதர் சட்டைப் பையில் இருந்து எட்டாக மடித்த தாளை எடுத்துத் தந்தபோது நான் சொன்னது ஒரே வசனம்: "மனைவியோடு கதைக்காதீங்கோ, அண்ணை." தொடர்பு கொள்ளுதல் என்ற சொல்லை நான் ‘கதைத்தல்’ ஆக்கினேன். ‘மறைமுகமாக’ என்ற சொல்லை வாயே திறக்காமல் தாண்டினேன். அவர் நான் சொன்னபடியே நடந்தார். மனைவியோடு கதைக்கவில்லை. மாமியாருக்கு அடித்து, "என்ர மருந்து எங்கே என்று அவாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். மகளின் போனுக்கு, "வாடகை போட்டாச்சு, அம்மாட்டச் சொல்லு" என்று செய்தி அனுப்பினார். இரண்டுமே மீறல். மூன்றாம் கிழமை சின்னவனுக்குக் கடும் காய்ச்சல். மனைவியே கூப்பிட்டு, வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். போனார்.

திரும்பி வரும்போது காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. மறித்த பொலிஸ்காரர் தன் கணினியில் பெயரைப் போட்டதும் நிபந்தனை வந்தது. முன் இருக்கையில் இருந்தவர்தான் அதில் பெயர் குறிப்பிட்ட ஆள். சிறையில் இருந்து அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை: "பிள்ளை, அவாதானே வரச் சொன்னவா."

இந்த வசனத்தை அதன் பிறகு எத்தனையோ பேர் வாயில் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது, அவர்கள் மேல் இல்லை, விளக்காமல் விட்ட எங்கள் மேல். நிபந்தனைக்கு மனைவி சொந்தக்காரி இல்லை. அவர் போட்டதும் இல்லை, எடுக்கவும் முடியாது. முறைப்பாடு கொடுத்தவர் மனம் மாறினாலும் வழக்கைக் கைவிடுவதா இல்லையா என்பது அரசுக்காக வழக்கு நடத்தும் கிரவுன் சட்டத்தரணியின் முடிவு. ‘கேஸை வாபஸ் வாங்கிவிட்டாவாம்’ என்று கோயிலில் யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர் நேராகப் போவது 145ஆம் பிரிவுக்கு, அதாவது நிபந்தனை மீறலுக்கு. அது தனிக் குற்றம், உச்சத் தண்டனை இரண்டு வருடம்.

கெடுதி அதோடு முடியாது. முதல் கைதில் அவரை உள்ளே வைக்கக் காரணம் காட்ட வேண்டியது அரசு. மீறல் குற்றச்சாட்டு வந்ததும் அது தலைகீழாகிறது: தன்னை ஏன் விட வேண்டும் என்று அவரே காட்ட வேண்டும். 524ஆம் பிரிவின் கீழ் பழைய விடுதலையும் ரத்தாகலாம். எங்கள் ஆளுக்கு முதல் வழக்கு ஒரு சமாதானப் பத்திரத்தோடு (ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதி) கைவிடப்பட்டது. மீறல் வழக்கு அதற்குப் பிறகும் எட்டு மாதம் இழுத்தது. படிப்பு விசாவிலோ வேலை அனுமதியிலோ இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் மோசம். இந்தக் குற்றத்தில் தீர்ப்பு விழுந்தால், குடிவரவுச் சட்டம் அதைக் கடுமையான நடைமுறையில் விசாரிக்கக்கூடிய குற்றமாகக் கருதி, நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்ல இடமுண்டு.

2020இல் ஸோரா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை தெரிந்தோ, மீறும் ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமலோ நடந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிபந்தனையைத் தெரிந்துகொண்டே, மனைவி சம்மதித்தால் போதும் என்று நினைத்தவரை அது காப்பாற்றாது. பிள்ளையின் காய்ச்சல் நியாயமான காரணமா என்று வாதாடலாம்தான். வாதாடும் நாள் வரும்வரை அவர் எங்கே இருப்பார் என்பதுதான் என் கவலை.

முறையான வழி இருக்கிறது. 502ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரும் கிரவுனும் எழுத்தில் சம்மதித்தால் நிபந்தனையை மாற்றலாம். கிரவுன் மறுத்தால் நீதிபதியிடம் கேட்கலாம். மனைவிக்கு விருப்பம் என்றால் அவர் அதைப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளுக்கான உதவித் திட்டத்தில் சொல்லட்டும், அது கிரவுனுக்குப் போகும். சில தாள்களில் விலக்குகளும் இருக்கும்: சட்டத்தரணி மூலம் தொடர்பு கொள்ளலாம், பொலிசாரோடு ஒருமுறை போய் உடைமைகளை எடுக்கலாம் என்று. அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தாள் மாறும் வரைக்கும் பழைய தாள்தான் சட்டம்.

இப்போது நான் விளக்குவதில்லை, கேட்கிறேன். "மாமியார் போன் அடித்தால் என்ன செய்வீங்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறீங்களா? மகளிடம் என்ன சொல்லி அனுப்பலாம்?" பதிலை அவர் தன் வாயால் தமிழில் சொல்லும்வரை தாளைத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாற்பது நிமிடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பிணையாளிக்குக் காசு கொடுப்பது

குற்றம். பிணையாளி என்பவர், வெளியே விடப்படுகிறவர் நிபந்தனைப்படி நடப்பார் என்று நீதிமன்றத்துக்குப் பொறுப்பு நிற்பவர். அவர் காசை இழக்க நேர்ந்தால் அதை ஈடுசெய்வதாகச் சொல்வதும் இதில் அடங்கும்: பிரிவு 139.

மௌனத்துக்குள் பெயரையும் மறைப்பது

சம்பவத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். விசாரணை அறையில் சட்டத்தரணி பக்கத்தில் இருக்கமாட்டார், 2010இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போனில் கேட்ட ஆலோசனையை அறைக்குள் தனியாகத்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் பொலிசார் தங்கள் கண்ணால் கண்ட குற்றத்துக்குப் பெயர் கேட்கும்போது மறுப்பது வேறு கதை. விக்டோரியா நகரில் சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டிய ஒருவர் பெயர் சொல்ல மறுத்து, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் பக்கம் தீர்ப்பு வரவில்லை. சிறிய குற்றங்களுக்குக் கைது செய்யாமல் அழைப்புத் தாளோடு விடச் சொல்லும் 495ஆம் பிரிவே, ஆளை அடையாளம் காணத் தேவை இருந்தால் கைது செய்ய இடம் விடுகிறது.

கைவிரல் அடையாளத் தேதி

நீதிமன்றத் தேதி வேறு, இது வேறு. உங்களுக்காகச் சட்டத்தரணி போக முடியாது.

24 மணித்தியாலத்தில் விட்டுவிடுவார்கள் என்று காத்திருப்பது

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொலிசார் விடாமல் வைத்திருந்தால், நியாயமற்ற தாமதம் இல்லாமல், நீதிபதி கிடைக்கக்கூடிய இடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் அவர் முன் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். அங்கே கிரவுன் கேட்டால், விசாரணை மூன்று முழு நாள்வரை தள்ளிப் போகலாம். ஒன்ராறியோவில் சனி ஞாயிறிலும் பிணை விசாரணை நடக்கிறது. வெள்ளி இரவு கைதானால் திங்கள் பார்க்கலாம் என்று குடும்பம் படுத்துவிடுகிறது, சனி காலை அவர் பெயர் கூப்பிடும்போது பிணையாளி என்று சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. அன்றிரவே ஆளைப் பேசி வையுங்கள்: எங்கே குடியிருப்பார், என்ன வேலை, பகலில் கண்காணிக்க முடியுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த ஒருவர், அடையாள அட்டையோடும் கையில் போனோடும்.