ஆய்வு ஆர்வம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடவுள், தீமை, மீவியற்பியல்

“எனக்கு மீவியற்பியலிலும் சமய மெய்யியலிலும் ஆர்வம் உண்டு.” மெய்யியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பலர், தங்கள் ஆய்வு ஆர்வத்தை எழுதும்போது இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இது துறையின் பெயர் மட்டுமே: எது உண்மையில் இருக்கிறது, அதன் இயல்பு என்ன என்று கேட்பது மீவியற்பியல்; கடவுள், சமய நம்பிக்கை பற்றிய வாதங்களை ஆராய்வது சமய மெய்யியல். உங்களைத் தூங்கவிடாத கேள்வி எது என்பதைத்தான் பேராசிரியர் தேடுவார்.

சரி, “தீமைச் சிக்கலை ஆய்வேன்” என்றால் போதுமா? போதாது. அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுள் இருப்பதும் தீமை இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்றார் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி, 1955இல். சுதந்திரமுள்ள உயிர்களைப் படைத்துவிட்டு, அவை தவறே செய்யாதபடி பார்த்துக்கொள்வது கடவுளாலும் முடியாமல் இருக்கலாம் என்று 1974இல் அவருக்குப் பதிலாக வாதிட்டார் மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா. முரணை உடைக்க அந்த ஒரு சாத்தியம் போதும்.

ஆனால் 1979இல் இன்னொரு மெய்யியலாளர் வில்லியம் ரோ கேட்டது வேறு கேள்வி. காட்டுத்தீயில் கருகிய மான்குட்டி ஒன்று, யார் கண்ணிலும் படாமல் பல நாள் துடித்துச் சாகிறது. ரோ இதை முரண் என்று சொல்லவில்லை. இந்தத் துடிப்பால் எந்த நன்மையும் விளைந்ததாகத் தெரியவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்று நம்ப நியாயம் இருக்கிறது என்கிறார். அவருக்குப் பிளாண்டிங்காவின் பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்தால், இரண்டையுமே சரியாகப் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

மீவியற்பியல், சமய மெய்யியல் என்று இரண்டு துறைகளையும் சும்மா அடுத்தடுத்து எழுதி வைக்காதீர்கள். அவை சந்திக்கும் இடத்தைக் காட்டுங்கள். இறந்து, உடல் மக்கி, பின் உயிர்த்தெழுபவர் அதே ஆள்தானா? இதில் ஆள் அடையாளம் பற்றிய மீவியற்பியலும் இருக்கிறது, சமய நம்பிக்கையும் இருக்கிறது.

பக்திக் கதையோ, நாத்திகரான கதையோ பக்கத்தை நிரப்ப வேண்டாம். வாதத்துக்குத்தான் அங்கே இடம்.

அப்புறம் இன்னொரு தவறு, கடவுள் இருப்பதற்கு வாதிட்ட நியாய மெய்யியலாளர் உதயணரின் பெயரை அலங்காரத்துக்காகச் சேர்ப்பது. வடமொழி தெரியாமல், நியாயம் என்ற அந்த இந்தியத் தருக்க மரபில் ஆழமான ஆய்வு கடினம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது, சைவ சித்தாந்த நூல்கள்: சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கத்திலிருந்து இறைவனுக்கு வாதிடுகிறது, சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கம், காட்சிக்கு எட்டும் உலகம் மட்டுமே உண்மை என்ற உலகாயதரையும் பௌத்தரையும் எடுத்து மறுக்கிறது. அதில் எந்த மறுப்பு உங்களுக்குப் போதவில்லை, ஏன் போதவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள்.