காரில் ஆக்ஸ் ஜாக் பழுதா? செட்டை மாற்ற வேண்டாம், ஜாக்கை மட்டும் மாற்றுங்கள்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்க ஸ்பீக்கர் அடங்கிவிடும். போனையும் கார் ஸ்டீரியோவையும் (செட்டையும்) இணைக்கும் ஆக்ஸ் கேபிளின் பின்னை, அதாவது ஜாக் என்னும் துளையில் செருகும் முனையை, லேசாகத் திருகினால் திரும்ப வரும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் மறுபடி போய்விடும். என் பழைய காரில் இரண்டு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு கடையில் காட்டியபோது செட்டையே மாற்றச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால், பழுது ஒரு சின்ன 3.5 மி.மீ. ஜாக்கில் மட்டும்தான் இருந்தது. அதற்காக நன்றாகப் பாடுகிற செட்டைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. சால்டரிங் (ஈயம் வைத்துப் பற்றவைத்தல்) புதிதாகப் பழகுகிறவர்களும் நிதானமாகச் செய்தால் அரை நாளில் முடித்துவிடலாம்.

முதலில், பழுது ஜாக்கில்தானா என்று பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் வேறு கேபிள், அப்புறம் வேறு போன் போட்டுப் பாருங்கள். போனை காரிலேயே சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் சார்ஜர் வழியாக வரும் கிரவுண்டு (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒயர்) இரைச்சல். சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடும். அதற்கு ஜாக்கை மாற்றிப் பயனில்லை.

அடுத்த சோதனைக்கு விரல் போதும். கேபிளின் ஒரு முனையை ஜாக்கில் செருகி, செட்டை ஆக்ஸில் வைத்து, சத்தத்தைக் குறைவாக வையுங்கள். போனில் செருகும் முனை கையில் சும்மா இருக்கட்டும். அதன் நுனியைத் தொட்டால் இடப்பக்க ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று கேட்க வேண்டும். நடு வளையத்தைத் தொட்டால் வலப்பக்கம் கேட்க வேண்டும். நல்ல கேபிள் போட்டும் ஒரு பக்கம் கேட்கவில்லை, அல்லது ஜாக் பக்கத்தை ஆட்டும்போது விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், ஜாக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிரிப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் போய் வந்தால் சில செட்டுகள் திறப்பதற்கு ஒரு ரகசிய எண் (கோட்) கேட்கும். அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள். ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் வரும்.

ஜாக் இரண்டு விதமாக இருக்கும். கியருக்குப் பக்கத்திலோ கீழ்ப் பேனலிலோ தனியாக இருந்து, ஒயர் வழியாக செட்டுக்குப் போவது ஒன்று. செட்டின் முகப்பிலேயே, உள்ளே சர்க்யூட் போர்டில் பற்றவைத்திருப்பது இன்னொன்று. முதல் வேலையாகச் செய்கிறவர்களுக்கு முதல் வகைதான் நல்லது. இரண்டாவது வகையில் ஜாக் கெடாமல், போர்டில் அதன் கால்கள் டிரை சால்டர் ஆகியிருக்கவும் (பற்றவைத்த ஈயம் சரியாகப் பிடிக்காமல் தொடர்பு விட்டுப்போயிருக்கவும்) வாய்ப்பு அதிகம். அப்படியானால், கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, புது ஈயம் வைத்து அந்தக் கால்களை மறுபடி பற்றவைத்தாலே போதும்.

பேனலை பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கிளிப்பும் உடையும், கீறலும் விழும்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள்

எந்த ஒயர் எந்தக் காலில் இருக்கிறது என்று இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். சாதாரணமாக வெள்ளை இடது, சிவப்பு வலது, சுற்றியிருக்கும் செம்பு வலை கிரவுண்டு. ஆனால் கார்களில் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள். ஜாக்கில் செருகிய கேபிளின் வெளிமுனை நுனியிலும் ஜாக்கின் ஒவ்வொரு காலிலும் வைத்தால், பீப் வரும் கால் இடது. நடு வளையத்துக்கு வலது, அடிப்பகுதிக்கு கிரவுண்டு.

பழைய ஜாக்கில் ஐந்து கால்கள் இருந்தால் கவனம் தேவை. கூடுதலாக இருப்பவை சுவிட்சுக் கால்கள். பின் செருகாதபோது பக்கத்துக் காலோடு சேர்ந்து பீப் அடிக்கும், செருகியதும் நின்றுவிடும். பின் செருகியிருப்பதைச் சில செட்டுகள் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. மூன்று கால் ஜாக்கைப் போட்டால் அந்த செட்டுகளில் ஆக்ஸே திறக்காமல் போகலாம். அதனால் பழைய ஜாக்கையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடலாம். ஜாக் மாட்டும் இடம் உலோகத் தகடு என்றால் பிளாஸ்டிக் கழுத்துள்ள ஜாக்காக வாங்குங்கள். உலோகக் கழுத்து தகட்டில் பட்டால் இரைச்சல் உள்ளே வர வழியாகிவிடும்.

பற்றவைத்தல்

25 வாட் அயர்ன் போதும். ஒயரில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் சின்னக் குழாயை) முதலில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு பல ஜாக்குகளில் உள்ளே நுழைக்க முடியாது. ஒயர் முனையை 5 மி.மீ. அளவுக்கு உரித்து, முறுக்கி, அதற்குத் தனியாக ஈயம் பூசுங்கள். ஜாக்கின் காலுக்கும் அப்படியே. பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று நொடி சூடு காட்டினால் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் சூடு வைத்தால் பிளாஸ்டிக் இளகி உள்ளே உள்ள ஸ்பிரிங் சாய்ந்துவிடும். பழைய பின் ஒன்றை ஜாக்கில் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் ஸ்பிரிங் இடம் மாறாது. இதை நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

செம்பு வலையின் ஒரே ஓர் இழை பக்கத்துக் காலில் பட்டாலும் அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கால்களுக்கு நடுவே மீட்டர் வைத்தும் பாருங்கள்.

பேனலை மூடுவதற்கு முன்பே பேட்டரியை மாட்டிப் பாடவிடுங்கள். செட்டில் பேலன்ஸை முழு இடது, முழு வலது என்று மாற்றிக் கேளுங்கள். பின்னை ஆட்டியும் கேளுங்கள். சரியாக இருந்தால் பேட்டரி முனையை மறுபடி கழற்றிவிட்டு, ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஒரு கேபிள் டையால் பேனலின் பின்பக்கம் கட்டிவிட்டு மூடுங்கள். கேபிள் வாங்கும்போது பின் 'எல்' வடிவத்தில் வளைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நேரான பின்னில் முழங்கை இடித்தால் அந்த அடி முழுவதும் ஜாக்கின் கால்களில்தான் விழுகிறது.